படகுக்குக் கீழே ஒரு தலைநகரம்: சார்தாம் யாத்திரை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, கோவை, மதுரை, திருச்சியிலிருந்து வருஷா வருஷம் சார்தாம் கூட்டிப் போகும் டிராவல்ஸ் முதலாளிகளுக்கும், பஸ்ஸில் மைக் பிடிக்கும் டூர் மேனேஜர்களுக்கும்,

போன சீசனில் உங்களில் ஒருவருடைய பஸ்ஸில் நானும் என் மனைவியும் வந்தோம். பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒருவரை மட்டும் பிடித்து உலுக்கி ஆகப்போவது ஒன்றுமில்லை, நான் வாங்கிப் பார்த்த எல்லா நோட்டீஸிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்தான் இருக்கிறது. கங்கோத்ரி முடித்துக் கேதார்நாத் போகிற வழியில் டெஹ்ரி ஏரிக்கரையில், கோட்டி காலனியில், வண்டி நின்றது. மேனேஜர் மைக்கில் சொன்னார்: "இதுதான் இயற்கை எழில் கொஞ்சும் டெஹ்ரி ஏரி. முன்னாடி இங்க ஒரு சின்ன கிராமம் இருந்துச்சு. அணை கட்டினப்ப எல்லாருக்கும் மேல புது வீடு குடுத்துக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஆசியாவுலயே உயரமான அணை இது. போட்டிங் வர்றவங்க பணத்தைக் கையில எடுத்து வெச்சுக்குங்க." படகு நடு ஏரிக்குப் போனதும், படகுக்காரர் இந்தியில் ஏதோ சொன்னதை அவர் தமிழில் "கீழ பேய் ஊர் இருக்காம்" என்று ஆக்கினார். பிள்ளைகள் வீல் என்று கத்தின, பெரியவர்கள் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தண்ணீருக்கு அடியில் நான் இரண்டரை வருஷம் வாடகை கொடுத்துக் குடியிருந்த வீடு இருக்கிறது.

ஊர் திரும்பியதும், அந்த ஊரின் கதையைச் சரியாகச் சொல்லுங்கள் என்று மூன்று பக்கம் எழுதி அந்த அலுவலகத்துக்கு அனுப்பினேன். பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் பதில் வந்தது: பக்தர்கள் சாமி பார்க்க வருகிறார்கள், சரித்திரம் கேட்க வருவதில்லை, ஆகவே வரும் வருஷம் முதல், முழுகிய ஊருக்குப் பதிலாக மேலே கட்டிய புது டெஹ்ரியில் இதுவரை கொடுத்துவந்த அரை மணி நேரத்தையும் எடுத்துவிட்டுப் படகுச் சவாரி நேரத்தைக் கூட்டுகிறோம், தங்கள் மேலான ஆலோசனைக்கு நன்றி. ஆலோசனையாம்! நான் கேட்டது ஒன்று, நடந்தது அதற்கு நேர் எதிர். சரி, இனி ஒருவருக்குத் தனியாக எழுதிப் பயனில்லை என்றுதான் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற வங்கி ஊழியன். 1999ல் பதவி உயர்வு கொடுத்து, அதற்குத் தண்டனை மாதிரி டெஹ்ரிக்கு மாற்றல் போட்டார்கள். மூன்று ஸ்வெட்டர், ஒரு ரஜாய் (பஞ்சு அடைத்த போர்வை), குரங்குக் குல்லாய் எல்லாம் கட்டிக்கொண்டு ரிஷிகேஷிலிருந்து பஸ் ஏறினேன். நரேந்திரநகர், சம்பா என்று மலை ஏறி, குளிரில் பல் கிட்டி, அப்புறம் பஸ் கீழே கீழே கீழே இறங்கிக் கடைசியில் ஒரு பள்ளத்தாக்கில் கொண்டுபோய் விட்டது. மே மாதம். சீலிங் ஃபேன் இல்லாமல் படுக்க முடியாத வெக்கை. இமயமலையில் வேர்த்துக் கொட்டும் ஊர் ஒன்று உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாகீரதி ஒரு பக்கம், பிலங்கனா ஒரு பக்கம், இரண்டும் சேரும் முனையில் நாக்கு மாதிரி நீண்ட ஊர். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நிமிர்ந்தால் வெள்ளையாக ஒரு மணிக்கூண்டு. பிலங்கனா பச்சையாகவும் பாகீரதி சாம்பல் நிறத்திலும் வந்து, கொஞ்ச தூரம் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். சாயந்தரம் வேலை முடிந்து அதைப் பார்க்க உட்காருவதுதான் எனக்கு அங்கே பொழுதுபோக்கு.

அதை "சின்ன கிராமம்" என்றால் எப்படிப் பொறுப்பது? ஒரு ராஜ்ஜியத்தின் தலைநகரம் அய்யா அது. இன்றைய உத்தராகண்டின் மேற்குப் பகுதியான கர்வாலின் ராஜாக்கள் முதலில் அலக்நந்தா கரையில் ஸ்ரீநகரில் இருந்து ஆண்டார்கள் (காஷ்மீர் ஸ்ரீநகர் இல்லை; பத்ரி போகும் வழியில் நீங்களே டீக்கு நிறுத்துகிற ஸ்ரீநகர்தான்). 1803ல் பெரிய பூகம்பம் வந்து நாடே நொறுங்கிக் கிடந்த சமயம் பார்த்து நேபாளத்துக் கூர்க்காப் படை உள்ளே புகுந்தது. அடுத்த வருஷம் டேராடூன் பக்கம் குட்புடாவில் நடந்த சண்டையில் ராஜா பிரத்யும்ன ஷா செத்தார். பன்னிரண்டு வருஷம் கூர்க்கா ஆட்சி. அதன் கொடுமையை இன்றைக்கும் அங்கே கிழவிகள் பேசுவார்கள். 1815ல் ஆங்கிலேயர்கள் கூர்க்காக்களைத் துரத்திவிட்டு, செய்த உதவிக்குக் கூலியாகப் பாதி நாட்டைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அலக்நந்தாவுக்குக் கிழக்கே அவர்களுக்கு, ஸ்ரீநகர் உட்பட. மேற்கே பிரத்யும்ன ஷாவின் மகன் சுதர்சன் ஷாவுக்கு. தலைநகரத்தை இழந்த ராஜா புதுசாக ஒன்று தேடிக்கொண்டு வந்தபோது இந்தக் கூடுதுறையில் காலபைரவர் குதிரையை நகரவிடாமல் நிறுத்திவிட்டார் என்பது கதை. 1815 டிசம்பர் கடைசியில் ஊர் பிறந்தது. மனம், வாக்கு, செயல் மூன்றாலும் செய்த பாவத்தைப் போக்கும் இடம், திரிஹரி, அதுதான் டெஹ்ரி ஆனது என்பார்கள். அன்றைக்கே ஒரு ஜோசியர் இந்த ஊருக்கு ஆயுசு கம்மி என்று சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு. எங்கள் கிளை வாசலில் டீ விற்றவர் வாரம் ஒருமுறையாவது அதை என்னிடம் சொல்லிவிடுவார்.

அந்த மணிக்கூண்டு 1897ல் கீர்த்தி ஷா ராஜா கட்டியது, விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து அறுபது வருஷம் ஆனதற்காக. அந்த வம்சத்தில் ஆளுக்கு ஓர் ஊர் கட்டும் பழக்கம்: பிரதாப் ஷா பிரதாப்நகர், கீர்த்தி ஷா கீர்த்திநகர், நரேந்திர ஷா நரேந்திரநகர். ரிஷிகேஷிலிருந்து மலை ஏறும்போது முதலில் வருவது அந்த நரேந்திரநகர்தான். உங்கள் மேனேஜர்கள் அங்கே வாந்தி வருகிறவர்களுக்கு பாலிதீன் பை கொடுத்துக்கொண்டிருப்பார்கள், குற்றம் சொல்லவில்லை, வளைவுகள் அப்படி. ஆனால் அந்த அரண்மனையில்தான் ஒவ்வொரு வசந்த பஞ்சமிக்கும் பஞ்சாங்கம் பார்த்து பத்ரிநாத் நடை திறக்கும் தேதியை அறிவிக்கிறார்கள். பத்ரி நாராயணனுக்குச் சாத்தும் நல்லெண்ணெயை அந்த அரண்மனையில் சுமங்கலிப் பெண்கள் மஞ்சள் சேலை கட்டி எள்ளிலிருந்து கையால் எடுத்துக் குடத்தில் அடைத்து அனுப்புகிறார்கள். காடு கடா என்று அந்தக் குடத்துக்குப் பெயர். டெஹ்ரி ராஜாவை ஜனங்கள் "போலந்தா பத்ரி" என்றார்கள், பேசுகிற பத்ரிநாதர் என்று அர்த்தம். கங்கோத்ரியும் யமுனோத்ரியும் டெஹ்ரி சமஸ்தானத்துக்கு உள்ளேயே இருந்த கோயில்கள். நம் பெரியாழ்வார் "கண்டம் என்னும் கடிநகர்" என்று பாடிய தேவப்பிரயாகையும் அப்படித்தான். 108 திருப்பதி சேவிக்கிறவர்கள் அங்கே ஒரு ராத்திரியாவது தங்குகிறார்கள், பாகீரதியில் இறங்கிக் குளிக்கிறார்கள். அந்த பாகீரதி டெஹ்ரியைத் தாண்டித்தான் அங்கே வருகிறது. இதற்கப்புறமும் சாமி வேறு, சரித்திரம் வேறு என்று வாட்ஸ்அப்பில் எழுதினால் நான் என்ன சொல்ல!

ராஜா புகழ் பாடச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அரசாங்கம் ஜனங்களைப் படுத்திய பாடும் அதே மண்ணில்தான் இருக்கிறது. யமுனோத்ரி போக பர்கோட்டில் ராத்திரி தங்க வைக்கிறீர்களே, அதற்குப் பக்கத்தில் யமுனைக் கரையில் திலாடி என்று ஒரு மைதானம். 1930 மே 30ஆம் தேதி, காட்டில் விறகும் மேய்ச்சலும் எங்கள் உரிமை என்று கேட்கக் கூடியவர்கள் மேல் சமஸ்தானத்துப் படை சுட்டது. தப்பிக்க ஆற்றில் குதித்தவர்கள் அடித்துக்கொண்டு போனார்கள். அப்புறம் ஸ்ரீதேவ் சுமன். அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பெயர் அது. முப்பது வயசுகூட ஆகாத காந்தியவாதி, ராஜாவைப் போகச் சொல்லவில்லை, ஜனங்களுக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்றுதான் கேட்டார். டெஹ்ரி சிறையில் கனமான விலங்கு பூட்டி வைத்தார்கள். 1944 மே 3 முதல் உண்ணாவிரதம். எண்பத்து நாலாவது நாள், ஜூலை 25, செத்துப் போனார். வீட்டாருக்கு உடம்பைக்கூடக் கொடுக்காமல் ராத்திரியோடு ராத்திரியாகப் பிலங்கனாவில் போட்டுவிட்டார்கள். நாலு வருஷம்கூட ஆகவில்லை, 1948 ஜனவரியில் கீர்த்திநகரில் நாகேந்திர சக்லானி, மோலுராம் பர்தாரி என்ற இரண்டு பேரைச் சுட்டதும், ஜனங்கள் அந்த உடல்களைத் தூக்கிக்கொண்டு தேவப்பிரயாகை வழியாக டெஹ்ரிக்கே நடந்து வந்தார்கள். ராஜாங்கம் அதோடு முடிந்தது. 1949 ஆகஸ்ட் 1ஆம் தேதி சமஸ்தானம் ஐக்கிய மாகாணத்தோடு சேர்ந்தது.

படகுக்காரர் பேய் ஊர் என்றாரோ என்னவோ, நீங்கள் அப்படி மொழிபெயர்த்த இடத்தில்தான் அந்தச் சிறையும் இருந்தது.

அணைக்கு வருகிறேன். ஆசியாவில் உயரமானது என்பது தப்பு. 260.5 மீட்டர், இந்தியாவில் உயரமானது. ஆசியாவில் இதைவிட உயரமாகத் தஜிகிஸ்தானில் நுரெக் இருக்கிறது, சீனாவில் ஜின்பிங் இருக்கிறது. 1972ல் அனுமதி, 1978ல் வேலை ஆரம்பம். ஆரம்பம் முதலே எதிர்ப்பும் உண்டு. வீரேந்திர தத் சக்லானி என்ற வக்கீல் சங்கம் சேர்த்துக் கோர்ட்டுக்குப் போனார். சுந்தர்லால் பகுகுணா ஆற்றங்கரையில் குடிசை போட்டு உட்கார்ந்தார், தேவகௌடா பிரதமராக இருந்தபோது எழுபத்து நாலு நாள் உண்ணாவிரதம் இருந்தார். அவர் பள்ளிக்கூடப் பையனாக இருக்கும்போதே சுமனைப் பார்த்துப் பொதுவாழ்க்கைக்கு வந்தவர் என்பதைச் சேர்த்துச் சொன்னால் இரண்டு கதையும் ஒன்றாகிவிடும். தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு அந்தக் குடிசை வாசலில் அவர் உட்கார்ந்திருந்ததை இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். பக்கத்தில் போய்ப் பேசத் தயக்கம், அரசாங்க வங்கி உத்தியோகம். இன்றைக்கு அது உறுத்துகிறது.

"எல்லாருக்கும் புது வீடு குடுத்து" என்ற வாக்கியம்தான் என்னை அதிகம் குத்தியது. இழப்பீட்டுச் செக்குகள் எங்கள் கவுண்டருக்கு வந்தன. அதுவரை வங்கிக்கே வராதவர்கள் வரிசையில் நின்று கணக்குத் தொடங்கினார்கள். பாரம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை இல்லை, ஆனாலும் கைநாட்டுக்காரர்கள் வந்தால் நானே நிரப்புவேன். ஒரு நாள் ஓர் அம்மாள், எழுபது வயசு இருக்கும், கன்னம் முழுக்க வளையும் டெஹ்ரி நத் என்ற மூக்கு வளையத்தைக் கழற்றி முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். பெயர், தகப்பனார் பெயர், வயசு என்று கேட்டுக்கொண்டே வந்து நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் நிறுத்தினேன். "என்ன எழுத?" என்றேன். அவர் பாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நீயே சொல்லு பேட்டா" என்றார். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் யாரும் பேசவில்லை. நான் டெஹ்ரி என்றே எழுதி முத்திரை குத்தினேன். தணிக்கைக்கு வந்த அதிகாரி அந்த மாதிரிப் பாரங்களை எல்லாம் எடுத்து வைத்து, முகவரி செல்லாது, மாற்றுங்கள் என்று குறிப்பு எழுதிவிட்டுப் போனார்.

புது டெஹ்ரி மலை உச்சியில் கட்டப்பட்டது. நல்ல ரோடு, நல்ல காற்று, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபேன் போட்டுத் தூங்கிய ஜனங்களைக் கொண்டுபோய் வருஷத்தில் பாதி நாள் ரஜாய்க்குள் வைத்தார்கள். பழைய பஜாரில் ஆள் மேல் ஆள் உரசித்தான் நடக்க வேண்டும்; சிங்கோரி என்று மாலு இலையைக் கூம்பாகச் சுருட்டி அதற்குள் கோவா வைத்துத் தருவார்கள், இலை வாசனை கோவாவில் ஏறியிருக்கும். மேலே கடைகள் படிக்கட்டு படிக்கட்டாகச் சிதறிக் கிடந்தன. வாங்குகிறவனும் இல்லை, நின்று வம்பு பேசுகிறவனும் இல்லை. கிராமத்துக்காரர்கள் கதை வேறு. முப்பத்தேழு கிராமம் முழுசாகவும் எண்பத்தெட்டு கிராமம் பாதியாகவும் போயின. நிறையப் பேரை சமவெளிக்கு அனுப்பினார்கள், ஹரித்துவார் பக்கம் பத்ரி கிராமத்துக்கு (கோயில் பத்ரி இல்லை, வேறு), ரிஷிகேஷ் பசுலோக்குக்கு. ரிஷிகேஷில் எய்ம்ஸ் ஆஸ்பத்திரியைத் தாண்டி ஹோட்டல் எடுக்கிறீர்களே, அந்தப் பக்கத்துத் தெருக்களில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த பிரதாப்நகர்க்காரர்களுக்கு முழுகவில்லை, ஆனால் பாலங்கள் முழுகிவிட்டன. டோப்ரா–சாண்டி தொங்குபாலம் 2006ல் ஆரம்பித்து 2020 நவம்பரில்தான் திறந்தது. அதுவரை ஆஸ்பத்திரிக்குப் போக மலையைச் சுற்றினார்கள். இன்றைக்கு அந்தப் பாலத்தின் மேல் நின்று நாம் செல்ஃபி எடுக்கிறோம்.

2001 கடைசியில் எனக்கு மாற்றல் வந்தது. 2005 அக்டோபர் 29ஆம் தேதி, அணை கட்ட ஆற்றைத் திருப்பிவிட்டிருந்த சுரங்கங்களில் கடைசியையும் மூடினார்கள். டெல்லிக்குக் குடிதண்ணீர், 1000 மெகாவாட் மின்சாரம், அதெல்லாம் உண்மை, வேண்டாம் என்று சொல்ல நான் யார். என் மகள் டெல்லியில்தான் இருக்கிறாள், அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள். தண்ணீர் இறங்கும் மாதங்களில் பழைய அரண்மனையின் சுவர்கள் சேற்றோடு மேலே தெரியும். பழைய ஊர்க்காரர்கள் கரைக்கு வந்து நின்று, அதோ அங்கே என் கடை, இதோ இங்கே பள்ளிக்கூடம் என்று விரலால் காட்டுவார்கள். போன சீசனில் நாங்கள் படகில் போனபோது கரையில் அப்படி ஒரு குடும்பம் நின்றது. அவர்கள் காதில் விழுகிற தூரத்தில்தான் நம் பஸ் கூட்டம் பேய் பேய் என்று கத்தியது. மொழி புரிந்திருக்காது, சிரிப்பு புரிந்திருக்கும்.

நான் கேட்பது பெரிய செலவு எதுவும் இல்லை. வசந்த பஞ்சமிக்கு நரேந்திரநகரில் தேதி சொன்ன கையோடு நீங்கள் எல்லாரும் நோட்டீஸ் அச்சடிப்பீர்கள். அதற்கு முன்னால் "இயற்கை எழில் ஏரி" என்ற வரியை எடுத்துவிட்டு, "டெஹ்ரி அணை நீர்த்தேக்கம், 1815 முதல் டெஹ்ரி கர்வால் சமஸ்தானத்தின் தலைநகராக இருந்த பழைய டெஹ்ரி இதனடியில் உள்ளது" என்று போடுங்கள். ஒரு வரிதான் கூடும். ஆசியா என்ற சொல்லை இந்தியா என்று திருத்துங்கள். புது டெஹ்ரிக்குக் கொடுத்திருந்த அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள். பழையதைப் பார்த்துக் கட்டிய மணிக்கூண்டு அங்கே இருக்கிறது, அதன் கீழே நின்று யாராவது இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல உங்கள் மேனேஜருக்கு நேரமில்லை என்றால், சம்பாவிலோ புது டெஹ்ரியிலோ உள்ளூர்க்காரர் ஒருவரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூலி கொடுங்கள், தமிழாக்கம் நான் எழுதித் தருகிறேன், பைசா வேண்டாம். நரேந்திரநகர் தாண்டும்போது காடு கடா பற்றி, பர்கோட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் திலாடி பற்றி, ஐந்து ஐந்து நிமிஷம். நம் சமையல்காரர் வண்டியிலேயே சாம்பார் வைக்கட்டும், அதில் கை வைக்கவில்லை, ஆனால் புது டெஹ்ரியில் ஒரு வேளை டீயும் ஆளுக்கு ஒரு சிங்கோரியும் அங்கத்திக் கடையில் வாங்கிக் கொடுங்கள்.

பேய் ஊர் ஜோக் உடனே நிற்க வேண்டும். அதற்கு வசந்த பஞ்சமி வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அட்சய திருதியைக்கு யமுனோத்ரி, கங்கோத்ரி நடை திறப்பதற்குள் உங்களில் யார் யார் நோட்டீஸை மாற்றுகிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். மாற்றியவர்களின் பஸ்ஸில் அடுத்த தடவை என் காசில் டிக்கெட் எடுத்து வருகிறேன், மைக்கும் பிடிக்கிறேன்.

பழைய டெஹ்ரியில் குடியிருந்த ஒருவன்